பெட்டி தானாகப் பாடவில்லை: ஜார்ஜியோ மொரோடர் பற்றிச் சில விளக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சினிமாவுக்குள் மின்னணு இசை நுழைந்த கதையைப் படித்தோம். தமிழில் அதிகம் பேசப்படாத இத்தாலிய இசையமைப்பாளரும் ரெக்கார்டு தயாரிப்பாளருமான ஜார்ஜியோ மொரோடருக்கு அதில் இரண்டு பத்தி கிடைத்திருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் அந்த இரண்டு பத்தியையும் படித்து முடிப்பவர், மின்சுற்றுகளால் ஒலி எழுப்பும் மூக் சிந்தசைசர் என்ற பெட்டி தானாகப் பாடியது, பக்கத்தில் நின்றவர் ஆஸ்கர் வாங்கிக்கொண்டு போனார் என்றுதான் நினைப்பார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கருத்து இதுதான்: மொரோடர் படங்களுக்குக் கொண்டுவந்தது சிந்தசைசரை அல்ல, ரெக்கார்டு தயாரிப்பவரின் வேலைமுறையை. அதை விளக்கக் கொஞ்சம் விவரம் தேவை. கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மொரோடர் பிறந்தது 1940 ஏப்ரல் 26. ஊர், வட இத்தாலியின் தெற்கு டிரோல் மலைப்பகுதியில் மரச்சிற்ப வேலைக்குப் பேர்போன ஓர்த்திசேய். இருபது வயதை எட்டும் முன்பே கிட்டாரோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஊர் ஊராக நடனக் குழுக்களில் வாசித்து, பெர்லின் வழியாக மியூனிக் போய்ச் சேர்ந்தார். 1969-ல் ‘லுக்கி லுக்கி’ என்ற பாட்டைத் தானே பாடி வெளியிட்டு ஓரளவு பெயர் பெற்றார். அடுத்து நடந்தது முக்கியம். ‘சன் ஆஃப் மை ஃபாதர்’ என்ற தன் பாட்டை அவரே பாடியும் வெளியிட்டார். ஆனால் 1972-ல் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது அதே பாட்டை சிக்கரி டிப் என்ற ஆங்கிலக் குழு பதிவு செய்த தட்டு. மெட்டு ஒன்றுதான், ரெக்கார்டு வேறு. அதன்பின் அவர் பாடகராக வருவதைவிட ரெக்கார்டு செய்பவராக இருப்பதிலேயே பெரும்பாலும் கவனம் வைத்தார். அது சரியான கணக்கு என்றே சொல்வோம்.

மியூனிக்கில் அரபெல்லா என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் ‘மியூசிக்லேண்ட்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் நிறுவினார். லெட் செப்பெலின், குயின் போன்ற குழுக்களெல்லாம் பின்னால் அங்கே வந்து பதிவு செய்திருக்கின்றன. கூடம் சொந்தமாக இருப்பதன் அருமை வாடகைக்கு மணிக்கணக்கில் கட்டணம் கட்டியவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு பேஸ் (தாழ்ந்த அடிநாத) ஒலிக்காக ஒரு பகல் முழுவதையும் செலவழிக்கும் துணிச்சல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்பவருக்கு வராது. அங்கே அவரோடு இருந்தவர்களையும் சொல்ல வேண்டும்: பாடலாசிரியரும் உடன் தயாரிப்பாளருமான ஆங்கிலேயர் பீட் பெல்லாட், டிரம்மர் கீத் ஃபோர்சி, ஒலிப்பொறியாளர் யூர்கன் காப்பர்ஸ், கீபோர்டு வாசித்த ஐஸ்லாந்துக்காரர் தோர் பால்டர்சன், பிற்பாடு ஹரால்ட் ஃபால்டர்மேயர். பாஸ்டனில் பிறந்து, ‘ஹேர்’ இசை நாடகத்தில் நடிக்க 1968-ல் மியூனிக் வந்து அங்கேயே தங்கிவிட்ட டோனா சம்மர்தான் குரல்.

1975-ல் ‘லவ் டு லவ் யூ பேபி’ வந்தது. முதலில் அது வழக்கமான நீளப் பாட்டுதான். அமெரிக்காவில் அதை வெளியிட்ட காசபிளாங்கா நிறுவனத்தின் நீல் போகார்ட், ஒரு விருந்தில் போட்டபோது திரும்பத் திரும்பக் கேட்டார்கள், இதை நீட்டிக் கொடு என்றார். எல்பி தட்டின் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொள்ளும் ஏறத்தாழ 17 நிமிடப் பதிவு அப்படித்தான் உருவானது. அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போயிற்று.

17 நிமிடம் என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நான்கு நிமிடப் பாட்டை நான்கு தடவை ஒட்டினால் கேட்பவர் இரண்டாம் சுற்றிலேயே எழுந்து போய்விடுவார். நீண்ட பதிவில் என்ன சேர்க்கிறோம் என்பதைவிட எப்போது எதை எடுக்கிறோம் என்பதுதான் ஆளைப் பிடித்து வைக்கும். டிரம்ஸை நிறுத்திவிட்டுப் பேஸை மட்டும் ஓடவிடுவது, பேஸை எடுத்துவிட்டுக் குரலையும் கிட்டாரையும் மட்டும் விடுவது, பிறகு எல்லாவற்றையும் ஒரே தாளத் தட்டில் திரும்பக் கொண்டுவருவது. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று பார் (நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று) கணக்கில் இந்த வரவும் போக்கும் அமைந்தால் காலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கணக்கு ஒரு பார் தப்பினாலும் ஆடுகிறவர்கள் தடுமாறுவார்கள். பின்னணி இசை அமைக்கிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு காட்சியின் அடியில் ஓடும் இசையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இனி 1977. கட்டுரையாளர் ஒரு வரியில் தாண்டிப் போன ‘ஐ ஃபீல் லவ்’. ‘ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே’ என்ற ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு காலத்தின் ஒலியைக் காட்ட வேண்டும் என்பது திட்டம். எதிர்காலத்துக்கு ஒரு பாட்டு வேண்டும், அதில் வாத்தியக் கலைஞர்களே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளரிடம் இருந்த மூக் மாடுலர் கருவியை இரவல் வாங்கினார்கள். கூடவே அதை இயக்கத் தெரிந்த ராபி வேடல் வந்தார். அவர் வந்திருக்காவிட்டால் கருவி வந்தும் பயனில்லை.

அந்தக் கருவியில் என்ன சிரமம்? முதலாவது, அது ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கார்ட் வேண்டுமென்றால் ஒவ்வொரு சுரத்தையும் டேப்பில் தனித்தனி டிராக்காக (ஒலித்தடமாக) ஏற்ற வேண்டும். இரண்டாவது, சுருதி. மூக் கருவியில் சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட், அதாவது ஒரு அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கை ஒரு சென்ட் என்கிறோம். அதற்கு ஒரு மில்லிவோல்ட்கூட இல்லை. இந்த மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்துக்கேற்ப மாறும். கருவி சூடேறும்போதும், அறையின் ஏசி கூடிக் குறையும்போதும் சுருதி நழுவும். ஒரு டிராக் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு டிராக்கை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு நழுவியிருந்தால், கடைசியில் பாட வரும் பெண் எதற்குச் சேர்த்துப் பாடுவார்? அதனால் அவர்கள் அரை நிமிடம் போலப் பதிவு செய்து, நிறுத்தி, சுருதி சேர்த்து, மறுபடி அடுத்த துண்டு என்று போக வேண்டியிருந்தது. இதைத்தான் ‘இயந்திரம் ஓடியது’ என்று எழுதுகிறார்கள்.

மூன்றாவது சிரமம், எல்லா டிராக்கும் ஒரே தாளத்தில் நிற்க வேண்டும். முதலில் பதிவு செய்த பேஸின் மேல் இரண்டாவது வரியை ஏற்றும்போது சுரங்களை வரிசைப்படி தானே வாசிக்கும் சீக்வென்சரைக் கையால் துவக்கினால் பத்து நொடிக்குள் இரண்டும் பிரிந்துவிடும். வேடல் காட்டிய வழி, டேப்பின் ஒரு டிராக்கில் முதலில் துடிப்பை மட்டும் பதிவு செய்து, அந்தத் துடிப்பைக் கொண்டே ஒவ்வொரு முறையும் சீக்வென்சரை ஓட்டுவது. இன்று மென்பொருளில் தானாக நடப்பது அன்று புதுமை.

இந்த முறையில் எங்கே சறுக்கும் என்பது டேப் காலத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். துடிப்பு டிராக் எப்போது அடிக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லாது. எட்டுப் படி கொண்ட சீக்வென்சரை மூன்றாம் படியில் நிற்கும்போது துவக்கிவிட்டால் வரி முழுவதும் இரண்டு படி தள்ளியே ஓடும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் டேப்பைப் பின்னால் ஓட்டி, முதல் படியில் நிறுத்தி, அப்புறம்தான் துவக்க வேண்டும். டேப்பில் தூசி படிந்து ஒரே ஒரு துடிப்பு விட்டுப்போனாலும் அங்கிருந்து எல்லாம் ஒரு படி பின்தங்கும். பக்கத்து டிராக்கில் துடிப்பு கசிந்து ‘டக் டக்’ என்று கேட்கும். அதனால்தான் இத்தகைய துடிப்பை டேப்பின் ஓர டிராக்கில் வைத்து, அடுத்த டிராக்கைக் காலியாக விடுவது பழக்கம்.

டிரம்ஸின் சிறு ஜோடித் தாளமான ஹை-ஹாட்டின் ஓசைக்கு வெறும் இரைச்சலை எடுத்து, ஃபில்டரில் தாழ்ந்த பகுதியை வடித்து, ஒலியின் ஏற்ற இறக்கத்தை வகுக்கும் என்வலப்பில் சட்டென்று துவங்கிச் சட்டென்று அடங்கும்படி வெட்டினார்கள். எடுபடாதது கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மட்டும். மூக் கருவியிலிருந்து வந்த கிக்கில் அடி விழுகிற அழுத்தம் இல்லை. ஆகவே கீத் ஃபோர்சியை உட்கார வைத்து கிக் டிரம்மை மட்டும் அடிக்கச் சொன்னார்கள். கேட்க எளிதுதான், அடித்துப் பார்த்தால் தெரியும். இயந்திர பேஸின் துவக்கமும் மனிதன் அடிக்கும் கிக்கும் 20 மில்லிநொடி விலகினாலே இரண்டு தட்டாகக் கேட்கும். முழு டிரம்செட்டையும் வாசித்தால் கைகால் ஒன்றையொன்று இழுக்கும், ஒரு மைக்கில் இன்னொன்றின் ஓசை விழும். கிக் ஒன்றே என்றால் கவனமும் ஒன்றே.

இந்தப் பாட்டின் ஓடும் குணத்துக்குக் காரணம் காப்பர்ஸ் கையாண்ட டிலே, அதாவது ஒலியின் பிரதியைத் தாமதித்துத் தரும் முறை. சீக்வென்சர் வாசித்தது எட்டில் ஒரு பங்கு சுரங்கள், அதாவது தட்டுக்கு இரண்டு. அதை இடது பக்கம் வைத்து, அதன் பிரதியைப் பதினாறில் ஒரு பங்கு தாமதத்தோடு வலது பக்கம் வைத்ததும் பேஸ் இரட்டிப்பு வேகத்தில் ஓடுவது போல ஆயிற்று. மேலே டோனா சம்மர் தன் வழக்கமான கனத்த குரலை விட்டுவிட்டு, மேல்ஸ்தாயியில் மெல்லிய தலைக்குரலில் பாடினார். கீழே அவ்வளவு நெருக்கமாகச் சுரங்கள் ஓடும்போது குரலுக்கு மேலே மட்டும்தான் இடம் இருந்தது. அமெரிக்காவில் முதலில் சிங்கிள் தட்டின் பின்பக்கத்தில் போடப்பட்ட பாட்டு இது. பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது.

வீட்டு ஸ்டுடியோவில் இதைச் செய்து பார்க்க நினைக்கும் இளைஞர்களுக்காக ஒரு கணக்கு. 15,000-ஐ டெம்போவால் வகுத்தால் பதினாறில் ஒரு பங்கின் நீளம் மில்லிநொடியில் கிடைக்கும். நிமிடத்துக்கு 128 தட்டு என்றால் 117 மில்லிநொடி. இடப்பக்கம் மூல ஒலி, வலப்பக்கம் தாமதித்த ஒலி மட்டும், ஃபீட்பேக் (தாமதித்த ஒலியை மறுபடி தாமதிக்க அனுப்புவது) பூஜ்யம், இரண்டுக்கும் ஒரே அளவு. ஃபீட்பேக்கை மறந்து விட்டுவைத்தால் மூன்றாம் நான்காம் எதிரொலிகள் அடுத்த சுரங்களின்மேல் விழுந்து குழம்பாகிவிடும். டிலேயை எட்டில் ஒரு பங்குக்கு வைத்துவிட்டு ஏன் வேகம் கூடவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. அப்போது பிரதி அடுத்த சுரத்தின்மேலேயே போய் உட்காரும், ஒலி தடிக்குமே தவிர ஓடாது. ஹெட்போனில் அருமையாக இருப்பது பெரிய அரங்கில் காலை வாரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இடப்பக்க ஸ்பீக்கருக்கு அருகில் நிற்பவருக்குத் தட்டின்மேல் விழும் சுரங்கள்தான் கேட்கும், வலப்பக்கத்தில் நிற்பவருக்கு இடையில் விழுபவை மட்டும். அரங்குக்கென்று மிக்ஸ் செய்யும்போது பிரதியை முழுவதும் ஒரு பக்கம் ஒதுக்காமல் பாதி தூரத்தில் நிறுத்துவது நல்லது. வினைல் தட்டுக்குப் போவதாக இருந்தால் ஆழமான ஒலிகளை நடுவில் வைக்க வேண்டும். அவை இரு பக்கமாகப் பிரிந்தால் பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்பட்டு ஊசி எகிறும்.

சினிமாவுக்கு வருவோம். ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ படத்தை எடுத்த ஆலன் பார்க்கர், கதாநாயகன் இஸ்தான்புல் தெருக்களில் போலீஸிடமிருந்து தப்பி ஓடும் காட்சிக்கு ‘ஐ ஃபீல் லவ்’ மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். படத்தைத் தயாரித்ததில் காசபிளாங்காவுக்கும் பங்கு இருந்ததால் அழைப்பு எளிதாக வந்தது. அப்படி உருவானது ‘சேஸ்’. 1979 ஏப்ரலில் சிறந்த பின்னணி இசைக்கான ஆஸ்கர் கிடைத்தது. மின்னணு இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த ஆண்டு எதிரில் நின்றவர்களைப் பாருங்கள்: ‘சூப்பர்மேன்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ், ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ படத்துக்கு என்னியோ மோரிகோனே, கூடவே ஜெர்ரி கோல்ட்ஸ்மித், டேவ் குருசின். எங்களில் சிலருக்கு மோரிகோனேவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்ற மனத்தாங்கல் இன்றும் உண்டு. அதற்காக மொரோடர் செய்தது சிறியதாகிவிடாது.

அவர் செய்தது என்ன? படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. 1,440-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று வரும். 120 என்றால் சரியாக 12 ஃபிரேம். 128 என்றால் 11.25. ஹாலிவுட் கிளிக் அட்டவணையில் இதை 11-2/8 என்று எழுதுவார்கள். 128-ல் நான்கு தட்டுப் பார் ஒன்று 45 ஃபிரேம், எட்டு பார் சரியாக 15 நொடி. ஆர்கெஸ்ட்ரா இசையில் கண்டக்டர் இங்கே தளர்த்தி அங்கே இறுக்கிக் காட்சியோடு பொருத்துவார். அந்த நெகிழ்ச்சிதான் அதன் அழகு, அதேதான் அதன் ஆபத்தும். எடிட்டர் கடைசி நேரத்தில் நான்கு நொடியை வெட்டினால் இசை ஒட்டாது, மறுபடி எல்லோரையும் கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒரே துடிப்பில் ஓடும் இசை அப்படியில்லை. எந்த பாரிலும் வெட்டலாம், எந்த பாரிலும் ஒட்டலாம். காட்சி 90 ஃபிரேம் குறைந்தால் இரண்டு பாரை எடுத்துவிட்டால் தீர்ந்தது. 17 நிமிடப் பதிவில் பார்களை எடுத்தும் வைத்தும் பழகிய கை இங்கே அப்படியே பயன்பட்டது.

அதன் தொல்லை வேறு இடத்தில் வரும். துடிப்பு நிற்காமல் ஓடுவதால் வசனத்தின் அடியில் அது நச்சரிக்கும். சத்தத்தைக் குறைத்தால் காட்சியின் விசையே போய்விடும். அதற்குச் சிந்தசைசரில் நல்ல மருந்து ஃபில்டர்தான். பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவது ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். வசனம் வரும்போது ஃபில்டரை மூடினால் அந்தப் பகுதி ஒழிந்து, அடித்துடிப்பு மட்டும் மிஞ்சும். வசனம் முடிந்ததும் மெல்லத் திறந்தால் இசை எழுந்து வருவது போலத் தோன்றும், அளவில் பெரிய மாற்றம் இல்லாமலே. ரீ-ரெக்கார்டிங்கில் ஃபேடரோடு (ஒலியளவுப் பிடியோடு) மல்லுக்கு நிற்பவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

ஃபிரேம் கணக்கில் நம்மூரில் அடிக்கடி நேரும் ஒரு கோளாறையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். எடிட் அறையிலிருந்து 25 ஃபிரேமில் வந்த வீடியோவை 24 என்று நினைத்துக்கொண்டு இசை அமைத்தால், நான்கு நிமிடக் காட்சியில் பத்து நொடி வரை விலகிப் போகும். துவக்கத்தில் சரியாக இருப்பது போலவே தெரியும் என்பதால் கடைசியில்தான் குட்டு வெளிப்படும். வேலையைத் தொடங்கும் முன் வீடியோவின் முதல், கடைசி ஃபிரேம்களின் நேரக்குறியை எழுதி வாங்குவது நலம்.

1980-க்குப் பிறகு மொரோடர் பின்னணி இசையைவிடப் படத்துக்கான பாட்டில் அதிகம் ஜெயித்தார். முதலில் டிராக் தயாராகும், பிறகு குரலைத் தேடுவார், பாடுகிறவரே பலமுறை வரிகளையும் எழுதுவார். மெட்டுக்குப் பாட்டு எழுதிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ‘அமெரிக்கன் ஜிகோலோ’ படத்தின் ‘கால் மீ’ பாட்டுக்கு முதலில் ஸ்டீவி நிக்ஸை அணுகினார்கள், அமையவில்லை. பிளாண்டி குழுவின் டெப்பி ஹாரி வந்து வரிகளை எழுதிப் பாடினார். அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடம், 1980-ம் ஆண்டின் மொத்தப் பட்டியலிலும் முதலிடம். ‘கேட் பீப்பிள்’ படத்துக்கு டேவிட் போவி எழுதிப் பாடினார். 1983-ல் ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ படத்தின் தலைப்புப் பாட்டுக்கு ஐரீன் காராவும் ஃபோர்சியும் வரிகள் எழுத, மூவருக்குமாக ஆஸ்கர் வந்தது. 1986-ல் ‘டாப் கன்’ படத்தின் ‘டேக் மை பிரெத் அவே’ பாட்டுக்கு, பெர்லின் என்ற அமெரிக்கக் குழு பாட, டாம் விட்லாக் வரிகளோடு இன்னொரு ஆஸ்கர்.

இந்த வரிசையில் ஜெர்ரி பிரக்ஹைமர் என்ற தயாரிப்பாளரின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். 1981 ஆகஸ்டில் பாட்டுக் காட்சிகளை ஒளிபரப்பும் எம்டிவி தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. படம் வெளியாகும் முன்பே பாட்டுக் காட்சி வீட்டுக்குள் ஓடினால் அதைவிட மலிவான விளம்பரம் இல்லை. அந்தக் கணக்கைப் புரிந்த தயாரிப்பாளரும், மூன்றரை நிமிட ரெக்கார்டைச் செதுக்கத் தெரிந்தவரும் சேர்ந்துகொண்டார்கள்.

‘எலெக்ட்ரிக் ட்ரீம்ஸ்’ படப் பாட்டை ஆங்கிலப் பாடகர் ஃபிலிப் ஓக்கி பாடியது பற்றி ஒரு செய்தி உண்டு. ஒத்திகை என்று நினைத்து அவர் பாடிய முதல் டேக்கே போதும் என்று மொரோடர் சொல்லிவிட்டாராம். இதைச் சோம்பல் என்று எழுதுபவர்கள் பாடகரின் முதல் டேக்கில் இருக்கும் பதற்றத்தின் மதிப்பை அறியாதவர்கள். ஆனால் அதற்குப் பொறியாளர் தயாராக இருக்க வேண்டும். ஒத்திகைதானே என்று மைக் அளவைச் சரிபார்க்காமல் விட்டால், நல்ல டேக் உடைந்த ஒலியோடு கிடைக்கும், மறுபடி அதே மாதிரி வரவே வராது. ஒத்திகைக்கும் சேர்த்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி வைப்பதும், உச்சம் எகிறாதபடி 10 டெசிபல் போல இடம் விடுவதும் நல்ல பழக்கம்.

அவருடைய சறுக்கலையும் சொன்னால்தான் நியாயம். ஃபிரிட்ஸ் லாங் 1927-ல் எடுத்த ‘மெட்ரோபொலிஸ்’ மௌனப் படத்தை மொரோடர் 1984-ல் புதுப்பித்தார். ஃபிரேம்களுக்கு வண்ணம் ஏற்றினார், இடையில் வரும் எழுத்து அட்டைகளை எடுத்துவிட்டு அடியில் வசனம் போட்டார், ஃப்ரெட்டி மெர்க்குரி, பாட் பெனடார், போனி டைலர், ஆடம் ஆண்ட் ஆகியோர் பாடிய பாட்டுகளைச் சேர்த்தார். அந்த ஆண்டின் மோசமான இசைக்கான ராஸி விருதுப் பரிந்துரைதான் பலன். கோளாறு இயந்திர இசையில் இல்லை. இயந்திர நகரத்தைக் காட்டும் படத்துக்குத் துடிப்பு இசை நன்றாகவே பொருந்துகிறது, பாட்டில்லாத இடங்களைத் தனியே கேட்டால் தெரியும். மௌனப் பட நடிகர் கையாலும் கண்ணாலும் சொல்ல வந்ததை, பாடகர் சொல்லால் முந்திச் சொல்லிவிடுகிறார். ஒரு காட்சிக்கு இரண்டு வாய் ஆகிவிடுகிறது. ரெக்கார்டுக்கு நல்ல பாட்டு படத்துக்கும் நல்லதாக இருக்கும் என்ற நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை. ஆனாலும் சிதறிக் கிடந்த துண்டுகளையும் நிழற்படங்களையும் தேடிச் சேர்த்து ஒரு தலைமுறையை அந்தப் படத்தின் பக்கம் திருப்பியது அவர்தான். 2008-ல் புவெனஸ் அயர்ஸில் ஏறக்குறைய முழுப் பிரதி கிடைக்கும்வரை படத்தின் ஏறத்தாழ கால் பகுதி காணாமலே இருந்தது.

மற்றவை வேகமாக: 1984 லாஸ் ஏஞ்சலிஸ், 1988 சோல் ஒலிம்பிக்ஸ், 1990 இத்தாலி உலகக் கோப்பைக் கால்பந்து என்று விளையாட்டுப் பாட்டுகள், இடையே 16 சிலிண்டர் கார் ஒன்றைத் தன் பெயரில் உருவாக்கும் ஆசை, நீண்ட மௌனம், 2013-ல் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையரின் ஆல்பத்தில் தன் கதையைத் தானே பேசிய ஒன்பது நிமிடம். அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. காரைப் பற்றிக் கட்டுரையில் நான்கு வரி இருந்தது, ஃபோர்சியைப் பற்றி ஒன்றுமில்லை. வேடலின் பெயரும் காப்பர்ஸின் பெயரும் எங்கேயும் காணோம்.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான படப் பட்டியலில் இரண்டு திருத்தங்கள். ‘டாப் கன்’ படத்தின் பின்னணி இசை மொரோடருடையது அல்ல, ஹரால்ட் ஃபால்டர்மேயருடையது. ‘டேக் மை பிரெத் அவே’, ‘டேஞ்சர் ஸோன்’ போன்ற பாட்டுகள்தான் மொரோடருடையவை. ‘நெவர் எண்டிங் ஸ்டோரி’ படத்தின் ஜெர்மன் பதிப்பில் இருப்பது முழுக்க கிளாஸ் டோல்டிங்கரின் இசை. லிமால் பாடிய தலைப்புப் பாட்டும் மொரோடரின் பகுதிகளும் வெளிநாட்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டவை. ஃபால்டர்மேயர் மியூனிக்கில் மொரோடரிடம் வேலை பார்த்தவர், ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ இசையிலும் கைகொடுத்தவர், 1984-ல் ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ படத்தின் ‘ஆக்ஸல் எஃப்’ மூலம் தனிப்பெயர் எடுத்தவர். இணையப் பதிப்பில் அந்தப் பட்டியலைத் திருத்தும்போது அவர் பெயரையும் டோல்டிங்கர் பெயரையும் உரிய இடத்தில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறையினர் சிலர்,
வடபழனி, சென்னை.